நிக்ஸன் என்ற பெயரில் ஒரு விண்ணப்பம்: வயதுவந்தோர் வகுப்பறைப் பாதுகாப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2001ஆம் ஆண்டின் கடைசியில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்ற சிறிய ஊரில் இருந்த மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு கேர்டேக்கர் தேவைப்பட்டார். பள்ளியைத் திறந்து பூட்டுவது, பழுது பார்ப்பது, வளாகத்தைக் கவனித்துக்கொள்வது என்று வேலை. குடியிருக்க வீடும் உண்டு. விண்ணப்பித்தவர்களில் ஒருவன் தன் பெயரை இயன் நிக்ஸன் என்று எழுதியிருந்தான். முன்பு ஹன்ட்லி என்ற பெயரில் இருந்ததையும் அவனே தெரிவித்திருந்தான். நிக்ஸன் அவன் தாய்வழிக் குடும்பப் பெயர். கேம்பிரிட்ஜ்ஷயர் போலீஸ் நிக்ஸன் என்ற பெயரை மட்டும் கணினியில் தேடியது. எதுவும் வரவில்லை. வேலை கிடைத்தது.

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த ஊரின் 10 வயதுச் சிறுமிகள் இருவர் காணாமல் போனார்கள். இரண்டு வாரம் நாடே தேடியது. 2003 டிசம்பர் 17 அன்று, இருவரையும் கொன்றவன் இயன் ஹன்ட்லி என்று தீர்ப்பானது.

குழந்தைகளுக்கு நேர்ந்த இந்தக் கொடுமையை வயதுவந்தோர் கல்வி பற்றிய ஆய்வில் ஏன் முதலில் வைக்கிறேன் என்று கேட்கலாம். பிரிட்டனில் இன்று குழந்தைகளோடும், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களோடும் வேலை செய்ய ஆள் எடுக்கும் முறை பெரும்பாலும் இந்த வழக்கிலிருந்து பிறந்தது. அந்த முறை குழந்தைகளுக்காக எவ்வளவு தூரம் வளர்ந்தது, பெரியவர்கள் விஷயத்தில் எங்கே நின்றுவிட்டது என்பதைப் பார்க்க வேறு நல்ல இடம் இல்லை.

தீர்ப்பு வந்த கையோடு உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டார். சர் மைக்கேல் பிச்சர்ட் தலைமையில் நடந்த அந்த விசாரணையின் அறிக்கை 2004 ஜூன் 22 அன்று 31 பரிந்துரைகளோடு வெளியானது. அதில் தெரிய வந்த முதல் விஷயமே அதிர்ச்சி தரக்கூடியது. ஹன்ட்லி முன்பு வாழ்ந்த ஹம்பர்சைடு பகுதியில், 1995க்கும் 1999க்கும் இடையில், எட்டு பாலியல் குற்றச்சாட்டுகளில் அவன் பெயர் போலீஸின் காதுக்கு வந்திருந்தது. எதிலும் தண்டனை இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். ஒரே ஆள், ஒரே மாதிரியான புகார், மறுபடி மறுபடி என்று சேர்த்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை, அப்படிப் பார்க்க உதவும் பதிவும் நிலைக்கவில்லை. தகவல் பாதுகாப்புச் சட்டத்தால்தான் பதிவுகளை வைத்திருக்க முடியவில்லை என்று ஹம்பர்சைடு போலீஸ் முதலில் சொன்னது. விசாரணை அதை ஏற்கவில்லை. கோளாறு சட்டத்தில் இல்லை, பதிவு வைக்கும் முறையிலும் அதைப் புரிந்துகொண்ட விதத்திலும்தான் இருந்தது.

பள்ளியின் பக்கத்திலும் ஓட்டைகள் இருந்தன. அவன் கொடுத்த பரிந்துரைக் கடிதங்களை எழுதியவர்களிடம் நேராகக் கேட்டு உறுதி செய்யவில்லை. வேலை வரலாற்றில் இருந்த இடைவெளிகளைத் துருவவில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தச் சிறுமிகள் படித்தது வேறு பள்ளியில். அவனுடைய துணைவி அவர்கள் வகுப்பில் உதவியாளராக இருந்தவர், அந்தப் பழக்கத்தில்தான் அவன் வீட்டு வாசல்வரை வந்தார்கள். கொலைக்குப் பொறுப்பு ஹன்ட்லி ஒருவனே என்று பிச்சர்டும் தெளிவாக எழுதினார். ஆனாலும் இப்படிப்பட்ட ஒருவனைப் பள்ளி வளாகத்தின் நம்பிக்கைக்குரிய ஆளாக உட்கார வைத்தது அந்த ஆள்சேர்ப்புதான்.

பரிந்துரைகளில் இரண்டை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். போலீஸ் உளவுத் தகவல்களை நாடு முழுவதும் பகிர ஒரே கணினி அமைப்பு வேண்டும் என்பது ஒன்று, அது 2011இல்தான் முழு வடிவில் வந்தது. குழந்தைகளோடும் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களோடும் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு பதிவு முறை வேண்டும் என்பது இன்னொன்று. அதிகம் பேசப்படாத ஒரு சோடியும் உண்டு. தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் பாதுகாப்பை மனதில் வைத்து நேர்காணல் நடத்தப் பயிற்சி தர வேண்டும், அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவராவது இல்லாமல் எந்த நேர்காணல் குழுவும் கூடக் கூடாது என்பவை அவை. என் பார்வையில் அந்த 31இல் மிக முக்கியமானவை இவைதான். கணினி சொல்லாத விஷயத்தைக் கேட்கத் தெரிந்த மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவை கேட்கின்றன. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2010 ஜனவரி முதல் இது கட்டாயம்.

பெரியவர்கள் விடுபட்ட இடம்

பிச்சர்ட் கேட்ட பதிவு முறைக்காக 2006இல் ஒரு சட்டம் வந்தது. முதல் வடிவில் அது பெரியவர்களையும் விரிவாகவே அணைத்துக்கொண்டது. பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது, பயிற்சி தருவது, ஆலோசனை சொல்வது எல்லாமே அதன் வரம்புக்குள் இருந்தன. அப்புறம் எதிர்ப்பு கிளம்பியது. சுமார் 90 லட்சம் பேர் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்ற கணக்கு மக்களை மிரட்டியது. 2010 ஜூனில் புதிய அரசு அந்தப் பதிவை நிறுத்தி வைத்தது. 2012இல் வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் வரம்பைச் சுருக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து, வேலைக்கு வருபவர்களின் குற்றப்பதிவுச் சோதனையைக் கவனிக்கும் டிபிஎஸ் என்ற இன்றைய அமைப்பு உருவானது.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு வரக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் டிபிஎஸ்ஸின் தடைப்பட்டியலில் இருக்கும். 2012க்குப் பிறகு பெரியவர்கள் தொடர்பாக அந்தத் தடைப்பட்டியலைப் பார்க்கக்கூடிய பணிகள் ஆறு வகைதான். மருத்துவப் பராமரிப்பு, உடல்சார்ந்த தனிப்பட்ட பராமரிப்பு, சமூகப்பணி, ஒருவருடைய பணம், பில், கடைச்சாமான் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது, அவர் சார்பில் சட்டப்படி காரியங்களை நடத்துவது, பராமரிப்புக்காக அவரை வண்டியில் அழைத்துப்போவது. பாடம் எடுப்பது இதில் இல்லை.

ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள எட்டுப் பேர், 20 வயதிலிருந்து 50 வரை, சமையலும் பணம் எண்ணுவதும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மாணவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் உதவும் துணைப் பணியாளர் ஆறு வகைக்குள் வந்துவிடுகிறார். அவர் பெயர் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனம் பார்த்தாக வேண்டும். அதே அறையில் வாரா வாரம் அந்த எட்டுப் பேருக்கும் பாடம் எடுக்கிறவர், அவர்களுடைய நம்பிக்கையையும் பாசத்தையும் முழுதாகப் பெறுகிறவர், அந்த வகைக்குள் வரமாட்டார். 2012க்கு முந்தைய பழைய, விரிவான வரம்பின் அடிப்படையில் அவருக்கு விரிவான குற்றப்பதிவுச் சோதனை கேட்கலாம், தடைப்பட்டியலைக் கேட்க முடியாது. ஒரு மாணவருக்குக் காசு எண்ணிக் கொடுக்கக் கற்றுத்தந்தால் ஒரு கணக்கு, அவர் பர்ஸை வாங்கி அவருக்காக எண்ணிக் கொடுத்தால் வேறு கணக்கு. வகுப்பு நடக்கும்போது இந்தக் கோடு எத்தனை முறை தாண்டப்படும் என்பது, அப்படிப்பட்ட வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வேற்றுமொழிக்காரர்களுக்கான ஆங்கில வகுப்பு என்றால் இன்னும் மெல்லிசு. ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் நம்மவர்கள் பலர் இத்தகைய வகுப்புகளுக்குப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் கணவனின் விசாவை நம்பி வந்த பெண் இருக்கலாம், புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர் இருக்கலாம், போரில் எல்லாம் இழந்து வந்தவர் இருக்கலாம். தன் வாழ்க்கையை அவர்கள் முதலில் ஆங்கிலத்தில் சொல்வது அந்த ஆசிரியரிடம்தான். ஆனால் பெரியவர்கள் மட்டுமே படிக்கும் இடத்தில் பொதுவான மொழி வகுப்பு எடுப்பவருக்கு, பெரும்பாலும் அடிப்படைச் சோதனைதான் கேட்க முடியும். அதில் காலாவதி ஆகாத தண்டனைகளும் நிபந்தனையோடு கூடிய எச்சரிக்கைகளும் மட்டுமே தெரியும். ஹன்ட்லி மாதிரி தண்டனையே இல்லாமல் புகார்களோடு திரிகிறவன் அதில் வெள்ளைக் காகிதமாகத்தான் வருவான்.

வரம்பைச் சுருக்கியது முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் குழந்தைகள் இல்லை, அவர்களைச் சுற்றி நிற்கும் எல்லாரையும் அரசு சோதிப்பது அவர்களுக்கு மரியாதையும் இல்லை. ஆனால் சட்டம் பின்வாங்கிய தூரத்தை நிறுவனம் முன்னால் வந்து நிரப்ப வேண்டும். அது நடக்காமல் ‘டிபிஎஸ் கிளியர்’ என்ற ஒரு வரியோடு கோப்பை மூடுவதுதான் ஆபத்து.

விண்ணப்பப் படிவமும் நேர்காணலும்

சரி, நிறுவனம் என்ன செய்ய முடியும்? படிவத்திலிருந்தே தொடங்கலாம். சுயவிவரக் குறிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கக் கூடாது. குறிப்பை எழுதுகிறவர் தனக்கு வேண்டியதைத்தான் எழுதுவார். நிறுவனம் தன் படிவத்தில் மாதமும் ஆண்டும் போட்டு முழு வரலாற்றைக் கேட்டால்தான் இடைவெளி கண்ணில் படும்.

ஒரு உதாரணம். படிவத்தில் ஒருவர் ‘2014–2016 சொந்தத் தொழில்’ என்று எழுதியிருக்கிறார். அதற்கு முன் ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டு, அதற்குப் பின் வேறு ஊரில் ஒரு கல்லூரி. இது முற்றிலும் நியாயமாக இருக்கலாம். பெற்றோருக்கு உடல்நலமில்லாமல் போயிருக்கலாம், வேலையே கிடைக்காமல் இருந்திருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அந்தக் கல்லூரியிலிருந்து எந்த மாதம் வந்தீர்கள், ஏன் வந்தீர்கள்?” பதில் வந்ததும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. “அங்கே உங்களுக்கு மேலே இருந்தவர் யார்? அவரிடம் நாங்கள் பேசலாமா?” என்று தொடர வேண்டும். உண்மையான காரணம் உள்ளவர் இதற்குச் சங்கடப்பட மாட்டார். படிவத்தில் 2014 மார்ச் என்றும் பேச்சில் “கோடை லீவுக்கு அப்புறம்” என்றும் வந்தால், அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்காமல் அவரை அனுப்பக் கூடாது.

பரிந்துரைக் கடிதத்தை விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரக் கூடாது. ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று தொடங்கும் கடிதத்துக்கு மதிப்பே இல்லை. நிறுவனம் தானே எழுதிக் கேட்க வேண்டும், கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து ஒன்று கட்டாயம். கேள்வியும் நேரடியாக இருக்க வேண்டும்: மாணவர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றி இவர் மீது புகார் வந்ததுண்டா, விசாரணை நடந்ததுண்டா, இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? பதில் கல்லூரியின் மின்னஞ்சலிலிருந்து வருகிறதா, யாரோ ஒருவரின் ஜிமெயிலிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கல்லூரியின் பொது எண்ணைத் தேடிப் பிடித்து போன் போட்டுக் கேட்பதில் தவறில்லை. வேலை தேதிகளை மட்டும் தந்துவிட்டு வாய் மூடிக்கொள்ளும் நிறுவனங்கள் இப்போது நிறைய. அந்த மௌனத்தை நல்ல பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேர்காணலில் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வியாவது நடைமுறைக் கேள்வியாக இருக்க வேண்டும். “பாதுகாப்பு முக்கியமா?” என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “வகுப்பு முடிந்த பிறகு ஒரு மாணவி உங்கள் சொந்த எண்ணுக்கு இரவு பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்புகிறார், தனிமையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் ஆள் தெரிந்துவிடும். பதில் சொல்லிவிட்டு மறுநாள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவிப்பேன் என்பவர் ஒரு வகை. பாவம் அவருக்கு யாரும் இல்லை, நான்தான் பேசுவேன் என்று உருகுபவர் இன்னொரு வகை. இரண்டாமவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்குப் பயிற்சி வேண்டும், அது கிடைக்கும்வரை தனியாக வகுப்பு தரக் கூடாது.

நம்மவர்களுக்கு இங்கே இரண்டு சிக்கல் கூடுதல். முதலாவது பெயர். முதலெழுத்தோடு ஒரு சான்றிதழ், அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிய பாஸ்போர்ட், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர், ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்து. இது நமக்குச் சர்வ சாதாரணம். டிபிஎஸ் படிவம் ஒருவர் பிறந்ததிலிருந்து வைத்திருந்த எல்லாப் பெயரையும் கேட்கிறது. ஒன்றை விட்டால் சோதனை தவறான ஆளைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொல்லும். சோஹமில் படிவத்திலேயே இருந்த பெயரைத் தேடாமல் விட்டதன் விளைவைப் பார்த்தோம். விண்ணப்பிக்கும் தமிழர் தன் எல்லாப் பெயரையும், எல்லா எழுத்துமுறையையும் தானாகவே எழுதிக் கொடுப்பது நல்லது. சந்தேகம் வராமல் அவரையும் அது காக்கும்.

இரண்டாவது, டிபிஎஸ் பொதுவாக வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்ப்பதில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவரின் சான்றிதழ் சுத்தமாக இருப்பது, அவர் பிரிட்டனில் இருந்த காலத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்தந்த நாட்டுப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைக் கேட்க வேண்டும். சில நாடுகளிலிருந்து அதை வாங்கவே முடியாத நிலையில் அகதிகள் இருப்பார்கள். அவர்களை ஒதுக்காமல், கூடுதலான பரிந்துரைகளை வைத்தும் கண்காணிப்போடு கூடிய தொடக்க காலத்தை வைத்தும் ஈடுகட்டலாம்.

2022இல் இங்கிலாந்துப் பள்ளிகள், கல்லூரிகளுக்கான அரசு வழிகாட்டுதலில் ஒரு புதிய வரி சேர்ந்தது. இறுதிப்பட்டியலில் உள்ளவர்களைப் பற்றி இணையத்தில் பொதுவாகக் கிடைப்பதைத் தேடிப் பார்ப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது அது. அந்த வழிகாட்டுதல் 18 வயதுக்குட்பட்டோருக்கானது, ஆனாலும் வயதுவந்தோர் மையங்களும் அதைப் பின்பற்றலாம். தேடப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேடுகிறவர் நேர்காணல் குழுவில் இல்லாதவராக இருந்தால் நல்லது. ஒருவருடைய மதம், அரசியல், கல்யாண போட்டோ எல்லாம் குழுவின் கண்ணுக்குப் போகக் கூடாது, மாணவர்களின் பாதுகாப்பைத் தொடுவது மட்டும் போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு: போன்

நல்ல ஆளாகப் பார்த்து எடுத்தாயிற்று. இனி எல்லாம் ஒரு சின்னத் திரையில் நடக்கும். 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் வயதுவந்தோர் வகுப்புகள் ஒரே வாரத்தில் ஜூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஓடின. இணைப்பைப் பொதுவெளியில் போட்ட வகுப்புகளுக்குள் முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். அந்த ஏப்ரலில் ஜூம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பான அமைப்பாக மாற்றியது. பொதுமுடக்கம் போய்விட்டது, அன்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுக்கள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அடுத்த நொடி, ஒவ்வொருவருடைய போன் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அடித்த கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணுக்கு இதன் அர்த்தமே வேறு. அவருடைய அமைப்புகளைப் பொறுத்து புகைப்படம், கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரம் எல்லாம் கூடவே போகலாம். நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு தளத்தில், நிறுவனத்தின் கணக்கில், இன்னொரு ஊழியரும் பார்க்கக்கூடிய விதத்தில் மட்டுமே மாணவர்களோடு பேச வேண்டும் என்ற விதி கசப்பாக இருந்தாலும் தேவை. ஆசிரியரின் சொந்த எண் வேண்டாம், தனிச் செய்தி வேண்டாம், தானாக அழியும் மெசேஜ் வேண்டவே வேண்டாம்.

இதை எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட மாணவரோடு ஆசிரியர் பாலியல் உறவு வைத்தால் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டப்படி அது நம்பிக்கை நிலையைத் தவறாகப் பயன்படுத்திய குற்றம். 18 தாண்டியவுடன் அந்தப் பிரிவு பொருந்தாது. மாணவர் விவரம் குறைந்தவராக, ஆசிரியரையே முழுதாக நம்பி வாழ்பவராக இருந்தாலும், பல நேரங்களில் தடுத்து நிறுத்துவது நிறுவனத்தின் நடத்தை விதி மட்டும்தான். அது தெளிவாக இல்லாவிட்டால் அவரைக் காப்பது கடினமாகிவிடும்.

ஒரு நீதிபதி எழுதிய பாடத்திட்டம்

ஆசிரியரைச் சோதிப்பதோடு வேலை முடியவில்லை. மாணவரின் போனுக்குள் வரும் மற்றவர்களை யார் சோதிப்பது? 2019 பிப்ரவரியில், தானே முடிவெடுக்கும் மனத்திறன் இல்லாதவர்களின் விஷயங்களைப் பார்க்கும் இங்கிலாந்தின் பாதுகாப்பு நீதிமன்றத்தில் நீதிபதி காப் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே உதவுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ள 21 வயது இளைஞர் ஒருவர், தீர்ப்பில் ‘ஏ’ என்ற எழுத்து மட்டும், தன் அந்தரங்கப் படங்களை முன்பின் தெரியாத ஆண்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு இணையத்தையும் சமூக ஊடகத்தையும் பயன்படுத்துவது பற்றித் தானே முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், எல்லாருக்கும் திறன் இருக்கிறது என்றே தொடங்கச் சொல்கிறது. முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை எடுப்பதாலேயே ஒருவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது.

இது யாரோடு பழகுவது, என்ன பராமரிப்பு பெறுவது என்ற கேள்விகளிலிருந்து வேறான தனிக் கேள்வி என்று நீதிபதி பிரித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு இணையம் எவ்வளவு பெரிய கதவு என்பதையும், அதை அவர்களுக்குத் திறந்து வைக்கச் சொல்லும் ஐநா உடன்படிக்கையையும் குறிப்பிட்டார். அப்புறம் ஒருவர் புரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் எவை என்று எளிய சொற்களில் எழுதினார். குறைபாடு உள்ளவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே சட்ட மொழியை விட்டுவிட்டு ‘அசிங்கமான, மனதைப் புண்படுத்தும்’ என்பது போன்ற சொற்களைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் இப்படிச் சொல்லலாம். நீ ஒருவருக்கு அனுப்பும் படமும் செய்தியும் உனக்குத் தெரியாமல் இன்னும் பலருக்குப் போகலாம், அதை உன்னால் நிறுத்த முடியாமல் போகலாம். யார் பார்க்கலாம், நீ எங்கே இருக்கிறாய் என்பது தெரிய வேண்டுமா என்பதை அமைப்புகளில் கட்டுப்படுத்தலாம். அசிங்கமானதை அனுப்பினால் மற்றவர்கள் வருந்தக்கூடும். ஆன்லைனில் பழகுபவர் தான் யார் என்று சொல்கிறாரோ அவராக இல்லாமல் இருக்கலாம், நண்பன் என்று சொல்பவன் நண்பனாக இல்லாமல் இருக்கலாம். தெரியாதவர்களில் சிலர் உன்னை ஏமாற்றிப் பணத்தையோ உடலையோ மனதையோ பயன்படுத்திக்கொள்ளப் பார்ப்பார்கள். மிக மோசமான படங்களைப் பார்ப்பதும் பகிர்வதும் போலீஸ் வரை கொண்டுபோகலாம்.

ஏ இவற்றைப் புரிந்து எடைபோடும் நிலையில் அப்போது இல்லை என்று தீர்ப்பானது. இணையம் அவரிடமிருந்து முழுதாகப் பிடுங்கப்படவில்லை, மேற்பார்வையோடு அளவாகப் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடானது.

நீதிமன்றத்துக்காக எழுதப்பட்டாலும் இது அருமையான பாடத்திட்டம். வயதுவந்தோர் மையங்கள் இதைச் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிடாமல், ஒவ்வொன்றையும் மாணவரின் சொந்த போனிலேயே செய்து காட்டிக் கற்றுத்தரலாம். ‘அமைப்புகளைத் திற, லொகேஷன் எங்கே இருக்கிறது, இப்போது யார் யாருக்குத் தெரிகிறது, அணைத்துப் பார்’ என்று கையில் வைத்துச் செய்ய வேண்டும். ‘அனுப்பும் முன் யோசி’ என்று நூறு தடவை சொல்வதைவிட, ஒரு படத்தை வகுப்புக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் அடுத்தவருக்கு அனுப்பி, கடைசியில் அது எத்தனை போனில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது மனதில் நிற்கும். அனுப்பியவர் தன் போனில் ‘எல்லாருக்கும் அழி’ என்று அழுத்தட்டும். மற்றவர்கள் அடுத்தடுத்து அனுப்பிய பிரதிகள் அப்படியே இருப்பதை எல்லாரும் சேர்ந்து பார்க்கட்டும்.

ஒரே பயிற்சியில் இது முடியாது. மறதி உள்ளவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் பருவந்தோறும் திரும்பச் சொல்ல வேண்டும். மாணவர் ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பணம் போயிருந்தால், படம் போயிருந்தால், திட்டு விழாது என்று நம்பும்படி அந்த வகுப்பு நடக்க வேண்டும். வெட்கம்தான் மோசடிக்காரனுக்குக் கிடைக்கும் பெரிய உதவி. ஆசிரியர் முகத்தில் ‘இப்படிக்கூடச் செய்வாயா’ என்ற பார்வை தெரிந்த நொடியில் மாணவர் வாயை மூடிக்கொள்வார், அடுத்த தவணையும் அனுப்புவார்.

புகார் வந்தால்

2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு உள்ளாட்சிக்கு ஒரு கடமையைத் தருகிறது. பராமரிப்பு தேவைப்படும் ஒரு பெரியவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகியிருந்தால், அல்லது ஆளாகும் அபாயம் இருந்தால், அந்தத் தேவையின் காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருந்தால், அதை விசாரித்தாக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கடமை. கணவனுக்குப் பயந்து வாழும், வேறு குறைபாடு எதுவும் இல்லாத ஆங்கில வகுப்பு மாணவி இதற்குள் வராமல் போகலாம். அவருக்குக் குடும்ப வன்முறை உதவி அமைப்புகளும் போலீஸும்தான் வழி. இதை அறியாமல் உள்ளாட்சிக்கு ஒரு படிவம் அனுப்பிவிட்டு ‘தெரிவித்துவிட்டோம்’ என்று இருப்பது அவரை நடுத்தெருவில் விட்டதாகிவிடும்.

பெரியவர் என்பதால் அவரிடம் கேட்டுத்தான் அடுத்த அடி. ‘என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்வி முதலில் வர வேண்டும். வேறு யாருக்காவது ஆபத்து இருந்தால், குற்றம் நடந்திருந்தால், அவருக்குத் திறன் இல்லை என்றால் அவர் வேண்டாம் என்றாலும் தகவலைப் பகிர வேண்டியிருக்கும். அப்போதும் அவரிடம் சொல்லிவிட்டே பகிர்வது முறை, அதனாலேயே அவருக்கு ஆபத்து கூடும் என்ற நிலையைத் தவிர.

புகார் ஊழியர் மேல் என்றால் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. விசாரணை ஆரம்பித்ததுமே பலர் ராஜினாமா கடிதத்தை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு கோப்பை மூடுவது எளிது, எல்லாருக்கும் நிம்மதி. அப்படிச் செய்யக் கூடாது. ஆள் போன பிறகும் விசாரணையை முடித்து, என்ன தெரிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஆறு வகைப் பணியில் இருந்தவர் மாணவருக்குத் தீங்கு செய்து நீக்கப்பட்டாலோ, நீக்கும் முன் தானே விலகினாலோ, டிபிஎஸ்ஸுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. பாடம் மட்டும் எடுத்தவர் அந்த வகைக்குள் வராததால் கடமை அவ்வளவு தெளிவாக இல்லை. அவர் விஷயத்தில் உள்ளாட்சியின் பாதுகாப்புக் குழுவோடும் போலீஸோடும் பேசி, எந்த வழியில் பதிவாகலாம் என்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். அடுத்த கல்லூரி பரிந்துரை கேட்டு எழுதும்போது, வேலை தேதிகளோடு நிறுத்தாமல், விசாரணை நடந்ததையும் அதன் முடிவையும் சொல்ல வேண்டும்.